புள்ளிச்செடியும் இங்கதான், நீயும் இங்கதான்

மத்தியானம் மூணு மணி இருவது நிமிஷத்துக்கு சேதி வந்துச்சி. மில்லு லேப்ல சாறு பாத்துகினு இருந்தேன். லாரி லாரியா வர்ற கரும்ப அரைச்சி, அந்தச் சாறுல சக்கர எவ்ளோ கீதுன்னு அளந்து சொல்றதுதான் ஒங்கப்பன் வேல. கண்ணாடிக் கொழாய்ல மெதக்க உட்ட அளவுகோலு அப்பதான் ஆடறத நிறுத்திச்சி. வாட்ச்மேன் வாசப்படியில வந்து நின்னான். "சார், திருப்பதி ஆஸ்பத்திரிலருந்து போனு. ஒங்க ஊட்டம்மா..."ன்னு சொல்லிட்டு துண்ட எடுத்து வாயில வெச்சிகினான். நான் அளவ படிச்சேன். எழுதினேன். கொழாய கழுவி கவுத்து வெச்சேன். அப்பறம்தான் கெளம்பினேன். இத மொதல்லயே ஒனக்கு சொல்லிடறேன் கண்ணு, ஏன்னா நீ வளர்ந்தா யாராவது ஒருத்தரு சொல்லத்தான் போறாங்க, "பொண்டாட்டி செத்த சேதி வந்தும் ஒங்கப்பன் குந்தி கணக்கு எழுதினான்டா"ன்னு. மெய்தான். எழுதினேன். அந்த நேரத்துல என் கைக்கு வேற எதுவும் தெரியல. ஒனக்கும் ஒரு நாளு இந்த மாதிரி சேதி வரும், எல்லாருக்கும் வருது. அப்ப ஒன் கை என்ன செய்யுதோ அத செய்ய உடு. எப்பிடி அழுவணும்னு ஊருகிட்ட கத்துக்காத.

இப்ப ஒனக்கு மூணு வயசு. தோ, பாயில குப்புற படுத்து தூங்கினு கீற, ஒதடு இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் கீது. இந்தக் கடுதாசி மீச மொளைச்ச ஒனக்கு. ஒளிச்சி வெக்கப் போறதில்ல. ஒன் மாமன் படிக்கட்டும், அத்த படிக்கட்டும், புத்தூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு வேணும்னாலும் சத்தமா படிக்கட்டும். நீ என்கிட்ட ஒரு கேள்வி கேப்ப. "அன்னிக்கி மாமன் தோள்ல நானே சாஞ்சேனே, என்ன ஏன் போக உடல?"ன்னு கேப்ப. அதுக்கு பதில் இப்பவே எழுதி வெக்கறேன். பின்னால யோசிச்சி அழகா சொல்ற பதில் எனக்கு வேணாம்.

பதில் ஒரு செடியிலருந்து ஆரம்பிக்குது. கல்யாணம் ஆன மூணாம் நாளு ஒங்கம்மா அலமேலுவ இட்டுகினு திருப்பதிக்கு கெளம்பினேன். ரேணிகுண்டால எறங்கி வேற ரயிலு மாறணும். அந்த ரயிலு எப்பவும் போல வரல. ஸ்டேஷன்ல மொத கிளாஸ்காரங்க குந்தற ரூமுக்கு வெளிய தொட்டியில ஒரு செடி. அகலமான பச்ச எல, அதுல யாரோ சுண்ணாம்ப தெளிச்சி உட்ட மாதிரி வெள்ள வெள்ளையா புள்ளி. தண்டு கரும்பு மாதிரியே, கணுக்கணுவா. ஒங்கம்மா அது முன்னால குந்திட்டா. பட்டுப்பொடவ மண்ணாவுதேன்னு நெனப்பே இல்ல. தண்ணி ஊத்திகினு இருந்த தோட்டக்காரருகிட்ட, "இன்னா செடிங்க இது?"ன்னா.

"பேரு யாருக்கு தெல்சும்மா? தொரைங்க காலத்துலருந்து கீது. மேம் மூக மொக்கன்னு சொல்லுவோம்."

மூகன்னா தெலுங்குல ஊமை, மொக்கன்னா செடி. ஒங்கம்மாவுக்கு சிரிப்பு. "எந்தச் செடிங்க பேசுது, இது மட்டும் பேசலன்னு சொல்றீங்க?"

"இது பேசாதும்மா. கடிச்சவனையும் பேச உடாது. நாக்கு இட்லியாட்டம் வீங்கிடும்."

"அப்ப ஒரு துண்டு குடுங்க. தாலி கட்டினதுலருந்து இவரு வாயே தெறக்கல. ரெண்டையும் ஜோடியா குந்த வெச்சிட்டு நான் பேசினு இருக்கேன்."

அந்தாளு விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, ஒரு துண்டு அறுத்து, ஈரக் கோணியில சுத்திக் குடுத்தாரு. "தீஸ்கோம்மா. சின்னப் புள்ளைங்க பொறந்தா ஜாக்கிரத்த." அந்த ஈர மூட்டையோடவே அவ திருச்சானூர் கோயில சுத்தி வந்தா. எதிர்ல வந்த ஒரு அம்மா, தாயாருக்கு ஏதோ கொண்டு போறான்னு நெனச்சி கைய நீட்டி தொட்டு கண்ணுல ஒத்திகினாங்க. ஒங்கம்மா தொட உட்டா. வெளிய வந்தப்பறம், "சாமிக்கு இல்ல, எனக்கு"ன்னு என் காதுல சொன்னா. எனக்காக எதையும் வெச்சிக்க மாட்டேன்னு சொல்ற பொம்பளைங்களையே பாத்து வளந்தவன் நான். அவ அப்பிடி இல்ல. ஒனக்கு வர்றவளும் அப்பிடி இல்லாம இருந்தா நீ குடுத்து வெச்சவன்.

ஊட்டுல அத அவ வெயில் படாத ஜன்னலு மேல, ஒசரத்துல வெச்சா. வாரத்துக்கு ஒரு வாட்டி ஈரத்துணியால எலய தொடைப்பா, கொழந்த மூஞ்ச தொடைக்கற மாதிரி. நீ பொறக்கறதுக்கு முன்ன அது ஒரு பூ உட்டுச்சி. மடிச்ச எலைக்குள்ள ஒரு வெள்ளக் குச்சி, அவ்ளோதான். "இது பூவா?"ன்னேன். "பூதான். ஒனக்கு மல்லி மட்டும்தான் பூவா?"ன்னா. எங்க மில்லுல கரும்பு ஆபீஸரு ஒருத்தரு விவசாயக் காலேஜுல படிச்சவரு. அவருக்கு ஒரு எல காட்டினேன். "டைஃபன்பேக்கியா. சேனைக்கும் சேப்பங்கிழங்குக்கும் இது பங்காளி. அதுங்க அரிக்கும், இது கடிக்கும்"னாரு. நான் சும்மா இருக்கலாமில்ல? அதோட பால ஒரு சொட்டு எடுத்து, சக்கர மணி பாக்கற மைக்ராஸ்கோப்புல வெச்சி பாத்தேன். ஊசி. கட்டுக்கட்டா, கண்ணாடி ஊசி. வந்து ஒங்கம்மாகிட்ட சொன்னேன். அவ அரிசி பொடைக்கறத நிறுத்திட்டு, "பாவம், ஓட முடியாத ஒண்ணு வேற எத வெச்சிகினு பொழைக்கும்?"னா. நான் படிச்ச படிப்புல யாரும் எனக்கு அந்தக் கேள்வி கேட்டதில்ல.

அவளுக்கு வந்தது வெறும் காய்ச்சலு. கொறையுதுன்னு டாக்டரு சொன்னாரு, என்ன வேலைக்கு போகச் சொன்னவளும் அவதான். கூட அவ அண்ணன், ஒன் மாமன் துரை இருந்தான். அப்பறம் நடந்தது மேல எழுதிட்டேன். அதுக்கு மேல எழுத எனக்கு வரல. ஊடு பூரா ஆளுங்க அழுதாங்க. எனக்கு பல்லு புடுங்கினப்பறம் கன்னம் இருக்கற மாதிரி இருந்துச்சி, தொட்டா தெரியல.

அப்பறம் ஒரு நாளு பாத்தேன், செடி ஒரே தண்டா வளந்து, கீழ எல்லாம் மொட்டையாகி, நுனியில மட்டும் எல வெச்சினு, ஜன்னல்லருந்து சாஞ்சி தொங்குது. இத்தன வருஷமா அவதான் முட்டு குடுத்து நிறுத்தி வெச்சிருந்தா. அப்பிடியே உட்டா ஒடிஞ்சிடும். எனக்கு தெரிஞ்ச வழி ஒண்ணுதான். நாங்க கரும்பு குடும்பம். தண்ட கீழ எறக்கி, ரெண்டு கணுவுக்கு ஒரு துண்டா, நட்டு மொளைக்க வெக்க கரும்புக்கு கரணை போடற மாதிரியே கொஞ்சம் வெட்டி தாம்பாளத்துல அடுக்கினேன். மணலு எடுத்தாற கொல்லைக்கு போனேன். இந்த ஊட்டுல தாம்பாளத்துல துண்டு துண்டா கணுவோட எதுனா கீதுன்னா, அது ஒனக்குத்தான். நான் டெய்லி மில்லுலருந்து வந்து சீவி வெக்கற கரும்பு. நீ வந்து குந்தின. எடுத்து கடிச்ச.

நீ கத்தின சத்தம் பாதியில நின்னு போச்சி. நான் ஓடி வர்றதுக்குள்ள வாயிலருந்து எச்சி ஊத்துது, ஒதடு வீங்குது, கண்ணு என்னையே பாக்குது. எங்கக்கா பாப்பம்மா, ஒன் அத்த, பக்கத்துத் தெருவுல கீறவ, எங்கிருந்துதான் கேட்டாளோ, மோர் சொம்போட வந்தா. நீ முழுங்க முழுங்க ஊத்தினா. உன்ன தூக்கினு நான் ஓடினேன். டாக்டரு ஊசி போட்டு, "தொண்ட அடைக்கல. தப்பிச்சான். வாய் ரெண்டு மூணு நாளு பேசாது"ன்னாரு. தப்பு என்னுது. ஒசரத்துல இருந்தத கீழ எறக்கி, ஒன் கைக்கு எட்டற எடத்துல வெச்சது நான்தான். இத நான் யார்கிட்டயும் மறைக்கல, இனிமேலும் மறைக்க மாட்டேன். ஆனா தப்பு பண்ணதால ஒருத்தன் அப்பன் இல்லன்னு ஆயிடமாட்டான்.

காரியத்துக்கு வந்த துரை ஒன் வாயப் பாத்தான். காரியம் முடிஞ்சி, சாப்ட்ட எல தூக்கின கையோட, கூடத்துல குந்திட்டான். ஒன் மாமன கெட்டவன்னு நெனக்காத. அவனுக்கு இருந்தது ஒரே தங்கச்சி.

"மாப்ள, சுத்தி வளைக்கல. புள்ளைய நாங்க இட்டுகினு போறோம்."

"எங்க மச்சான்?"

"எங்கன்னா? எங்க ஊருக்கு. திருத்தணி பக்கமெல்லாம் மெட்ராஸ்ல சேந்தாச்சி. தமிழ்ல படிப்பான். இங்க ஆந்திராவுல உட்டா தெலுங்குலதான அ ஆ எழுதுவான்?"

"ரெண்டுலயும் எழுதட்டும். ரெண்டு கையி கீது."

"பேச்சப் பாரு. மில்லுல கரும்பு அரவ நேரத்துல ராத்திரி ஷிப்ட் வந்தா யாரு பாப்பா? இந்த வெஷச் செடியா?"

பாப்பம்மா அக்கா உள்ளருந்தே கொரலு உட்டா. "ஏன்டா துரை, நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"நீ ஒன் ஊட்டுக்காரனுக்கே ஒழுங்கா சோறு போடறதில்லன்னு ஊரே சொல்லுதுக்கா."

"அவரு கெழவன்டா, தானா எடுத்து துன்னுவாரு. புள்ளைக்கு ஊட்டத் தெரியாதா எனக்கு?"

ரெண்டு பேரு சிரிச்சாங்க. துரை சிரிக்கல. "சேதி வந்தும் கணக்கு எழுதினவன், புள்ள வாயில வெஷத்த வெச்சவன், இவன நம்பி..."ன்னு ஆரம்பிச்சி நிறுத்திட்டான். அப்பறம் ஒன் முன்னால மண்டி போட்டான். "கண்ணு, மாமா கூட வர்றியா? ஊர்ல கன்னுக்குட்டி கீது. நீதான் பேரு வெக்கணும்."

"அவன கேக்காதீங்க மச்சான்"ன்னேன்.

"ஏன், என்னாண்ட வந்துடுவான்னு பயமா?"

"ஆமா, பயம்தான். ஆனா அதுக்காக சொல்லல. எந்த ஊரு ஆந்திராவுக்கு, எந்த ஊரு மெட்ராசுக்குன்னு பெரிய பெரிய ஆளுங்க வருஷக்கணக்குல குந்தி பேசினாங்க. அவங்களாலயே எல்லாருக்கும் சரியா சொல்ல முடியல. நம்ம ரெண்டு ஊட்டுக்கு நடுவுலயே கோட்ட இழுத்துட்டு போயிட்டாங்க. அந்தக் கோட்டு மேல மூணு வயசு புள்ளைய நிக்க வெச்சி, எந்தப் பக்கம்டா வர்றன்னு கேக்கறீங்களே. வாய் வேற வீங்கி கீது."

அவன் எழுந்தான். ஒனக்கு கரும்பு சீவற கத்தி செவுத்து ஓரமா இருந்துச்சி, அத எடுத்தான். நான் திரும்ப ஜன்னலு மேல ஏத்தி வெச்சிருந்த மிச்ச செடிய, நுனியோட, தொட்டியோட இழுத்து கூடத்துல போட்டான். வெட்டினான். "இதாலதான், இதாலதான்"னு சொல்லி சொல்லி வெட்டினான். நான் தடுக்கல. காய்ச்சல வெட்ட முடியாது கண்ணு. அதுக்கு கழுத்து கெடையாது. அதனாலதான் ஜனங்க கைக்கு எட்டறத வெட்டறாங்க. செடி கெடைச்சா செடி, மனுஷன் கெடைச்சா மனுஷன். அன்னிக்கி செடி கெடைச்சிது. நீ பெரியவனாகி துக்கத்துல ஒரு கத்திய எடுத்தா, யாரு கழுத்த பாத்து ஓங்கறன்னு ஒரு வாட்டி பாரு.

அவன் நிறுத்தினான். பாப்பம்மா அக்கா கிட்ட வந்து குனிஞ்சி ஒரு துண்ட பாத்தா. இன்னொண்ணு பாத்தா. "டேய் துரை"ன்னா. "கொல்றதுக்கு வெட்டினியா, நடறதுக்கு வெட்டினியா?"

எல்லாரும் பாத்தோம். அவ்ளோ ஆத்திரத்துலயும், எல்லாத் துண்டும் ஒரே அளவு. துண்டுக்கு ரெண்டு கணு. ஒரு கணு கூட ஒடையல, மொள வர்ற எடத்துல ஒரு கீறல் இல்ல. கரும்புக் கொல்லையில பொறந்து வளந்த கையி, அதுக்கு வேற மாதிரி வெட்டத் தெரியாது. "கரணை போட்டு குடுத்துட்டியேடா! எனக்கும் ரெண்டு குடு, ஊட்டுல வெக்கறேன்"னா அக்கா. யாரோ பொறுக்க முடியாம சிரிச்சிட்டாங்க. துரை அந்தத் துண்டுங்களையே பாத்துகினு நின்னான். கத்திய கீழ வெச்சிட்டு குந்திட்டான். "சின்ன வயசுல நான் கரும்பு வெட்டிப் போடுவேன். அலமேலுதான் பொறுக்கி கூடையில அடுக்குவா. மொளைக் கண்ணு மேல பாத்து வைடின்னு கத்துவேன் அவள"ன்னு சொன்னான். சொல்லிட்டு அழுதான். ஆஸ்பத்திரியில கூட அழாதவன். அப்பறம் கைய பாத்துட்டு, "அய்யோ, நெருப்பா அரிக்குதுக்கா"ன்னான். அக்கா புளியக் கரைச்சினு வந்து அவன் கையில பூசினா. "அழு அழு, ஆனா கண்ண கசக்காத. அதுவும் வீங்கிடும்"னா.

இப்பதான் கண்ணு, நீ கேக்கப் போற எடம். அவன் அழுவறத நீ பாத்துகினே இருந்த. என் மடியிலருந்து எறங்கின. அவனாண்ட போய், முதுவுல கட்டிகினு, தோள்ல சாஞ்சி, வாயத் தெறந்த. ரெண்டு நாளா வராத கொரலு வந்துச்சி. "மாமா"ன்ன.

நைனான்னு இல்ல. மாமான்னு. கூடத்துல இருந்த அத்தன பேரும் என்ன பாத்தாங்க. கேள்விக்கு பதில் வந்துடிச்சின்னு அவங்க மூஞ்சில எழுதி இருந்துச்சி. துரையும் நிமிர்ந்து பாத்தான், ஈரக் கண்ணோட, கேக்காமலே கேட்டான். வலிக்கலன்னு நான் பொய் எழுத மாட்டேன். அந்த அத்தன நாள்ல எனக்கு மொத மொத வலிச்சது அப்பதான். எழுந்து போனேன். ஒன் கைய அவன் கழுத்துலருந்து மெல்ல பிரிச்சேன். நீ வர மாட்டேன்னு ஒதைச்ச. தூக்கினேன்.

"புள்ள இருக்கட்டும் மாப்ள"ன்னான் துரை, புளி பூசின கைய பாத்துகினே. "அந்த செடியவாவது தூக்கிப் போடு."

"ரெண்டும் இருக்கும் மச்சான்."

"அரவ முடியற வரைக்கும் பாக்கறேன். அப்பால பெரியவங்கள இட்டுகினு வருவேன்."

"வாங்க. சோறு போடறேன். புள்ளைய தர மாட்டேன்."

அவ்ளோதான் நடந்துச்சி. நீ அவனாண்ட சாஞ்ச, நான் உடல. அழுவறவன பாத்து பாவப்பட்டு போய் சாஞ்சது ஒன் நல்ல கொணம், அது ஒங்கம்மாகிட்டருந்து வந்துது. ஆனா ஒரு புள்ளையோட நல்ல கொணத்த எடுத்து அதையே அவனுக்கு தீர்ப்பா எழுத நான் உட மாட்டேன். எங்க வளரணும்ன்ற முடிவு ஒன் தோள் மேல இல்ல. ஒரு நாளும் நீ, "நான்தான் நைனாவ உட்டுட்டு போனேன்"னு நெனச்சி அழக் கூடாது. "நைனாதான் புடிச்சி வெச்சாரு"ன்னு நீ என்ன திட்டலாம். திட்டு. வாங்கிக்கறேன். அதுக்குத்தான் அப்பன்னு ஒருத்தன் இருக்கறது.

ராத்திரி ஷிப்ட் வர மாட்டேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். "அப்பிடின்னா நீ மேல வரவே முடியாதுய்யா"ன்னாரு. வரலன்னேன். பகல்ல அத்தயாண்ட இருப்ப. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானே உன்ன ஒன் மாமன் ஊருக்கு இட்டுகினு போவேன், சாயங்காலம் நானே இட்டுகினு வருவேன். கன்னுக்குட்டிக்கு பேரு வெய்யி. நடுவுல கோடு எங்க கீதுன்னு பஸ்ஸுல போறப்ப தேடிப் பாரு. எனக்கு இன்னிக்கி வரைக்கும் கண்ணுல படல, ரெண்டு பக்கமும் அதே கரும்புதான். ஒனக்கு அம்மா வேணும்னு எனக்கு பொண்ணு பாக்கறவங்க இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க. பாக்கட்டும். அவ போன எடத்த ரொப்பறதுக்கு நான் அவசரப்படல. நீயும் யாருக்காகவும் அவசரப்படாத.

துரை வெட்டின துண்டு அத்தனையும் மணல்ல கீது, மச்சு மேல, ஏணி வெச்சாதான் எட்டும். அக்கா ரெண்டு எடுத்துகினு போனா, மெய்யாலுமே. நீ ஏணி ஏற வளர்றப்ப ஒன்ன கூட்டினு போய் காட்டறேன். எல எப்பிடி தொடைக்கறது, தொட்டா எப்பிடி கை கழுவறது, மைக்ராஸ்கோப்புல அந்த ஊசிங்க எப்பிடி இருக்கும்னு எல்லாம் காட்டறேன். இந்த ஊட்டுல கடிக்கறது எதுன்னு தெரிஞ்சினு வளரு. கடிக்கறதையெல்லாம் வெட்டிப் போட்ட ஊட்டுல வளர்ந்தா, வெளிய போனப்பறம் எது கடிக்கும்னே தெரியாது ஒனக்கு.

வெளிய யாரோ ரெண்டு பேரு செருப்பு உடற சத்தம் கேக்குது. துக்கம் கேக்க வந்தவங்களா, ஜாதகம் கொண்டாந்தவங்களா தெரியல. கதவ உள்ள தாப்பா போட்டுட்டேன். நீயா எழுந்து வாயத் தெறந்து சோறு கேக்கற வரைக்கும் தெறக்கறதா இல்ல.